கை நுழைந்த ஸ்வெட்டர்

இறக்குமதி செக்‌ஷனில் புதிதாக ஐந்து பேர் சேர்ந்திருக்கிறீர்களாம். புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று மில்லிலிருந்து போன் வந்தது. ரிட்டயர் ஆன பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி, லோன் வேண்டுமா என்று கேட்பவை. அதனால் யாரோ எதையோ என்னிடம் கேட்கிறார்களே என்ற சந்தோஷத்தில் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன், என்னத்தை எழுதுவது?

விதிகளை எழுதவா? அது உங்கள் போனிலேயே இருக்கிறது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் பாதி இப்போது மாறியிருக்கும். பிளாஸ்டிக் கழிவு ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. பிறகு கதவைச் சாத்தினார்கள். இரும்புக் கழிவுக்கு ஒரு சான்றிதழ், காகிதக் கழிவுக்கு வேறொரு சான்றிதழ். அனுப்புகிற நாட்டுக்காரன் அதைக் கழிவு என்பான், வாங்குகிற நாம் அதைச் சரக்கு என்போம், நடுவில் இருக்கிற துறைமுகம் இரண்டுமில்லை என்று சொல்லும். விதி மாறினால் சர்க்குலர் வந்துவிடும் பிள்ளைகளா. நீங்கள் எந்த இடத்தில் வழுக்கி விழுவீர்கள் என்று யாரும் சர்க்குலர் அனுப்ப மாட்டார்கள். ஆகவே நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். பத்தொன்பது வயதில் அத்தையோடு திருப்பூருக்கு வந்தேன். அத்தை இரண்டு வருஷத்தில் இந்தத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊருக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு ஒத்துக்கொண்டது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தேன். தபால் வழியில் பி.காம். முடித்தேன். அவிநாசிப் பக்கம் இருக்கும் நம் மில்லில் ஆபீஸ் வேலைக்கு எடுத்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லி எனக்கே எது நிஜம் என்று மறந்துவிட்டது. அனுப்பர்பாளையத்தில் ஒரு ரூம். பகலெல்லாம் பக்கத்துப் பட்டறையில் பாத்திரம் தட்டும் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தமும் இருக்காது. சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்தால் திங்கட்கிழமை காலை வரை என் வாயைத் திறக்க ஒரு காரணமும் இருக்காது.

இந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்லவில்லை. இவர்களைப் போல மரியாதையாகப் பேசுகிற ஜனத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா, ஏனுங்க மேடம், ஆமாங்க மேடம். எங்கள் ஊரில் மூன்றாம் நாளே "ஏட்டி" என்று கூப்பிட்டு வீட்டுக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்த்துவிடுவார்கள். இங்கே இத்தனை வருஷமும் மரியாதையாகவே பேசினார்கள், என் ரூம் வாசலை ஒருத்தரும் மிதிக்கவில்லை. நானும் யாரையும் கூப்பிடவில்லை. அது என் குற்றம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நம் மில் வேலை உங்களுக்குத் தெரியும். பழைய துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்குகிறோம். திருப்பூர் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் கம்பளி கலந்த துணி இங்கே ஏது? குளிர் நாடுகளில் உடுத்திக் கழித்த துணிகள் அமுக்கிக் கட்டின பேல் பேலாகக் கன்டெய்னரில் வரும். அதற்குத்தான் நம் செக்‌ஷன். இதில் எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. உடுத்தக்கூடிய பழைய துணி லைசென்ஸ் இல்லாமல் உள்ளே வரக்கூடாது. இனி யாரும் உடுத்த முடியாதபடி வெட்டிச் சிதைத்த கந்தல் வரலாம். வெளிநாட்டுக்காரன் போட்டுக் கழித்த நல்ல சட்டை இங்கே கொட்டிக் கிடந்தால், சட்டை தைத்துப் பிழைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? அந்த விதி நம் ஊர் வயிற்றுக்காகத்தான் இருக்கிறது. அதனால் அதை நான் ஒருநாளும் திட்டியதில்லை.

சரி, உடுத்த முடியாதது என்றால் என்ன? எத்தனை வெட்டு? எவ்வளவு நீளம்? எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் அப்போதைய செக்‌ஷன் ஹெட். அவர் ஸ்கேல் எல்லாம் எடுக்க மாட்டார். கன்டெய்னர் வந்து இறங்கும் டிப்போவில் பேலைப் பிரித்ததும் ஒரு துணியை உருவி எடுத்துத் தன் கையை அதற்குள் விடுவார். "கை நுழைஞ்சு அக்கட்டால வந்துருச்சுன்னா அது துணிங்க மேடம். வராம தொங்குச்சுன்னா கந்தலுங்க." ஒருமுறை ஒரு குழந்தைப் பைஜாமாவுக்குள் கையை விட்டு, முழங்கையில் மாட்டிக்கொண்டு வெளியே எடுக்க முடியாமல், அதைத் தொங்கவிட்டபடியே கஸ்டம்ஸ் ஆபீசருக்கு வணக்கம் வைத்தார். டிப்போவே சிரித்தது. அவர் சிரிக்காமல், "இது துணிதானுங்க சார், இந்த பேலை ஒதுக்கி வெச்சிருங்க" என்றார். தன் கம்பெனிச் சரக்கைத் தானே தள்ளி வைத்த மனுஷர். இன்னொன்றும் சொல்வார். கதவுப் பக்கத்து பேலைப் பார்க்காதீர்கள், அது நமக்குக் காட்டுவதற்காக வைத்தது, உள்ளே போய் எடுங்கள் என்று. நான் அந்த இடத்துக்கு வந்தபோது அவர் வேலையை விட்டுப் போயிருந்தார்.

இனி மரகதம். சார்ட்டிங் ஷெட்டில் நாற்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து துணியைக் கலர் வாரியாகப் பிரிப்பார்கள் இல்லையா, அவர்களுக்கு மேஸ்திரி. கொமரலிங்கத்துக்காரி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். மில்லில் என்னை மேடம் என்று கூப்பிடாத ஒரே ஆள். முதல் நாள் சரக்கு எண்ணப் போனபோது, "என்ன அம்மிணி, சோறு தின்னியா இல்லியா, மூஞ்சி வாடிக் கெடக்குது" என்றாள். நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையாவது கேட்கிறாளோ என்று. அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டை ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஆபீஸில் யாரும் கேட்டால், ஸ்டாக் பார்க்கப் போகிறேன் என்று சொல்வேன். ஸ்டாக்காவது ஒன்றாவது.

அந்த மார்கழி நல்ல குளிர். ஒரே சப்ளையரிடமிருந்து நான்கு கன்டெய்னர் வரவேண்டியிருந்தது. முதல் கன்டெய்னரை டிப்போவில் திறந்தபோது எனக்கு ஜலதோஷம், தலை பாரம். கதவுப் பக்கம் மூன்று பேல் பிரித்துப் பார்த்தேன். நன்றாகவே வெட்டியிருந்தான். கை எங்கேயும் நுழையவில்லை. உள்ளே ஏறிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். சரக்கு மில்லுக்கு வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன். மரகதம் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"உங்க பண்டிகை வருதல்லோ அம்மிணி. நெம்பக் குளிரு. காலைல பஸ்ஸுல நடுங்கிட்டே வர்றே. பாத்துட்டுத்தான இருக்கறேன். ஒரே ஒரு வெட்டுத்தான் வுளுந்திருக்குது. நீதான் டெய்லராச்சே, தெச்சுப் போட்டுக்கோ."

கருநீலக் கம்பளி ஸ்வெட்டர். நெஞ்சில் உள்ளங்கை அளவு கூட இல்லாத ஒரு எம்பிராய்டரி, வெள்ளையும் சிவப்புமாக ஒரு கலங்கரை விளக்கம். எந்த ஊரிலோ ஏதோ ஒரு கம்பெனி தன் ஆட்களுக்குக் கொடுத்த யூனிபார்மாக இருக்கும். முன்பக்கம் கீழிருந்து கழுத்து வரை ஒரே ஒரு நேர் வெட்டு. எங்கள் ஊர்க் கடற்கரையில் அதே மாதிரி ஒரு கலங்கரை விளக்கம் நிற்கும். சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வழி கண்டுபிடிப்போம்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு யோசியுங்கள். நான் இறக்குமதி செக்‌ஷனின் பொறுப்பாளர். உடுத்த முடியாதது என்று கையெழுத்துப் போட்ட சரக்கிலிருந்து, தைத்துப் போட்டுக்கொள் என்று ஒரு துணி என் மடிக்கு வந்திருக்கிறது. அந்த நிமிஷமே நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து போய் அந்த பேல் முழுவதையும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த சப்ளையருக்கு மெயில் போட்டு, மீதி மூன்று கன்டெய்னரை நிறுத்து என்று சொல்லியிருக்க வேண்டும். எம்.டி.யிடம் போய், நான் உள்ளே ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. எனக்கு ஒருத்தி பண்டிகைக்குத் துணி கொடுத்திருக்கிறாள், அம்மா செத்த பிறகு முதல் தடவையாக. அதை மட்டும்தான் பார்த்தேன். கை நுழைகிறதா என்று பார்க்கவே தோன்றவில்லை.

அன்றைக்கே தைத்தேன். வெட்டின இடத்தை இரண்டு பக்கமும் மடித்து, பட்டி வைத்து, ஆறு பட்டன் போட்டேன். வெட்டு இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். கிறிஸ்துமஸ் பூசைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். அன்று சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று ஞாபகமில்லை. கதகதவென்று இருந்தது மட்டும் ஞாபகம்.

ஜனவரியில் இரண்டாவது கன்டெய்னர் டிப்போவுக்கு வந்தது. மற்ற இரண்டும் கடலில் வந்துகொண்டிருந்தன. காலை எட்டரைக்குப் போய் நின்றேன். கஸ்டம்ஸிலிருந்து சரக்கை எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார், நல்ல மனுஷர், டிப்போவுக்குள் எல்லா வாசலும் தெரிந்தவர். கஸ்டம்ஸ் ஆபீசர் இளவயது, மதுரைப் பக்கம். கதவைத் திறந்ததும் அவர் முதல் வரிசையைக் கண்டுகொள்ளவே இல்லை. ஃபோர்க்லிப்ட்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, அந்த மூலையில இருக்குறதை இறக்குங்க" என்றார். எனக்கு எங்கள் பழைய செக்‌ஷன் ஹெட் ஞாபகம் வந்தது. பேலின் பட்டியை வெட்டினார்கள். பொதபொதவென்று கருநீலம் கொட்டியது.

எல்லாம் ஒரே ஸ்வெட்டர். எல்லாவற்றிலும் கீழிருந்து கழுத்து வரை ஒரே வெட்டு. எல்லாவற்றின் நெஞ்சிலும் கலங்கரை விளக்கம்.

ஆபீசர் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, அதற்குச் சற்றுக் கீழே. பாவி, நான் அதைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். எட்டரை மணிக் குளிரில் வேறு எதைப் போட்டுக்கொள்வேன், என்னிடம் இருந்தது அது ஒன்றுதானே.

"மேடம், நீங்க போட்டுருக்குறது நல்லா இருக்கே. எங்க வாங்குனீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். ஏஜென்ட் ஆபீஸ்காரர் என் பக்கம் நகர்ந்து காதோரம், "கடைல வாங்குனதுன்னு சொல்லிருங்க மேடம். ரோட்டோரம் எங்க பாத்தாலும் விக்கறாங்க. ஒரு வார்த்தைங்க, சோலி முடிஞ்சுது" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அப்படிச் சொல்லியிருந்தால் ஆபீசரிடம் மறுக்க ஆதாரம் ஒன்றும் கிடையாது.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை உள்ளபடி சொல்கிறேன். சட்டம், நேர்மை என்று எதுவும் ஓடவில்லை. கடையில் வாங்கினேன் என்று சொன்னால் சரக்கு போய்விடும். அடுத்த இரண்டு கன்டெய்னரிலும் இதுவேதான் இருக்கும், அதற்கும் நான் கையெழுத்துப் போடவேண்டும், போடும்போதெல்லாம் இந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டும். உண்மையைச் சொன்னால் சரக்கு நிற்கும். அதோடு, யார் எடுத்துக் கொடுத்தது என்ற கேள்வி வரும். ஷெட்டிலிருந்து துணி வெளியே எடுத்தால் வேலை போகும் என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மரகதத்துக்கு வேலை போனால்? அவள் மகளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் நான் எங்கே போய் உட்கார்ந்து சாப்பிடுவேன்? ஆமாம், அதையும்தான் நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

"இந்தச் சரக்குதான் சார். போன கன்டெய்னர்ல வந்தது. நான்தான் எடுத்தேன். யாருக்கும் தெரியாம எடுத்துத் தெச்சுப் போட்டுக்கிட்டேன்."

ஏஜென்ட் ஆபீஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "கெரகம்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். ஆபீசர் கையிலிருந்த ஸ்வெட்டரின் வெட்டைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "தைக்க எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

"பட்டன் வெக்கிறதோட சேத்து ஒரு மணி நேரம் சார். பட்டன் இல்லாம சும்மா சேத்து ஓட்டுனா ரெண்டு நிமிஷம்."

"அப்ப இந்த ஊர்ல இது கந்தல் இல்ல மேடம்" என்றார். "வேற எந்த ஊர்லயாவது இருக்கலாம்."

சரக்கை அனுப்புகிறவன் இதை யோசித்திருக்க மாட்டான். அவன் ஊரில் ஒரு ஸ்வெட்டர் நடுவில் வெட்டுப்பட்டால் குப்பை. இந்த ஊரில் தெருவுக்கு நூறு ஓவர்லாக் மெஷின். நீங்கள் எந்தச் சரக்கைப் பார்த்தாலும் அது வந்து இறங்குகிற ஊரில் யார் இருக்கிறார்கள், அவர்கள் கை என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சரக்கு நின்றது. எம்.டி. கூப்பிட்டுக் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு வார்த்தை கடைன்னு சொல்லியிருக்கலாமுங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். அனுமதியில்லாமல் சரக்கை எடுத்தேன் என்று மெமோ வந்தது, ஃபைலில் ஏறியது. யார் உடந்தை என்று ஒருவரும் கேட்கவில்லை. தனி ஆள், வெளியூர்க்காரி, எடுத்திருப்பாள் என்று எல்லோரும் சுலபமாக நம்பிவிட்டார்கள். அது எனக்கு உறைத்தது. ஆனாலும் மரகதம் தப்பித்தாளே என்று நிம்மதியாகத்தான் இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, கஸ்டம்ஸ் பார்வையில் மறுபடி வெட்டிச் சிதைத்தால் சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. ஷெட்டுப் பெண்களை வேனில் டிப்போவுக்கு அழைத்து வந்தோம். ஆளுக்கொரு கத்திரி. வெயிலில் ஷீட் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வெட்டரையும் குறுக்கே, நெடுக்கே, கை, கழுத்து என்று வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன்னால் ஆபீசர் என்னிடம் மெதுவாக, "மேடம், உங்ககிட்ட இருக்குறதும் அந்த லாட்தான்" என்றார். எனக்குத் தெரியும். பையில் வைத்துத்தான் கொண்டு வந்திருந்தேன். ஆறு பட்டனோடு எடுத்துக் கொடுத்தேன். குவியலுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது மரகதம். அவள் கைக்குத்தான் அது போயிற்று.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டி தைத்த இடத்தை விரலால் தடவினாள். அவளுக்குத் தையல் தெரியும், எவ்வளவு பார்த்துத் தைத்திருக்கிறேன் என்று புரிந்திருக்கும். பிறகு பட்டன் ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டு, தோளிலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். கலங்கரை விளக்கம் இரண்டாகப் போனது.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கை கழுவும் இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன். "அக்கா, உங்க பேரை எங்கயும் சொல்லல. பயப்படாதீங்க."

அவள் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு கோபத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

"நாஞ் சொல்லச் சொன்னனா, சொல்ல வேண்டாம்னு சொன்னனா? நாங் குடுத்ததுன்னு சொல்லியிருந்தா நானும் வந்து உங்கூட நின்னிருப்பேன். என் தப்பும் இருக்குதல்லோ? போனா வேலைதான போகுது, ஊர்ல மாடு மேச்சுப் பொழச்சுக்குவேன். நீ என்ன பண்ணிப் போட்டே? ஒருத்தி ஆசையாக் குடுத்ததத் திருடுனேன்னு சொல்லிப் போட்டு வந்திருக்கறே. அப்ப நாங் குடுக்கவே இல்ல, அப்படித்தான அம்மிணி?"

"உங்களைக் காப்பாத்தத்தான்க்கா..."

"ஆரு கேட்டா?" என்றாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மிணி என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் கடைசி. மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். "வாங்க மேடம். ஸ்டாக் பாக்கோணுங்களா?" என்று எழுந்து நின்றாள். மற்ற பெண்களும் எழுந்து நின்றார்கள். நான் டிபன் பாக்ஸைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டு, பார்க்கத் தேவையில்லாத ஸ்டாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்புறம் ரிட்டயர் ஆகும் வரை எட்டு வருஷம் என் டேபிளிலேயே சாப்பிட்டேன். அவள் ஒருநாளும் முகம் திருப்பவில்லை. பார்த்தால் சிரிப்பாள், நல்லா இருக்கீங்களா மேடம் என்பாள். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாள், ஆபீஸில் எல்லோருக்கும் வைத்தது போல. போனேன். வாங்க மேடம், சாப்பிட்டுத்தான் போகோணும் என்றாள். சாப்பிட்டேன். யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

பல ஞாயிற்றுக்கிழமைகள் இதையே யோசித்திருக்கிறேன். ஆபீசரிடம் உண்மையைச் சொன்னதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அதில் நான் கலந்த அந்த ஒரு பொய்தான் உறுத்துகிறது. உனக்கு யாரும் இல்லை, எது வந்தாலும் நீயே தலையைக் கொடு என்று எனக்கு நானே சொல்லிப் பழகிவிட்டேன். பக்கத்தில் நிற்க ஒருத்தி இருக்கிறாள் என்பது நான் போட்ட கணக்கிலேயே வரவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த வேலையில் கையெழுத்துப் போடும்போது நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள், அதை மாற்ற முடியாது. ஆனால் போட்டு முடித்த பிறகும் தனியாகவே நிற்கவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. இது எனக்கு வேலையில் இருக்கும்போது தெரியவில்லை.

என் கடைசி நாள் அன்று ஆபீஸில் சால்வை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். எல்லோரும் கலைந்த பிறகு ட்ராயரைக் காலி செய்துகொண்டிருந்தேன். மரகதம் கதவோரம் வந்து நின்றாள். அவளுக்கும் முடி பாதி வெளுத்திருந்தது. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

"உள்ள வாங்கக்கா."

வந்து பையை டேபிள் மேல் வைத்தாள். திறந்தேன். ஸ்வெட்டர். கருநீலம். புதுசு, கண்ணாடிக் காகிதம் கூடப் பிரிக்கவில்லை. நெஞ்சில் ஒன்றும் இல்லை, வெறுமனே இருந்தது. எட்டு வருஷமாகச் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் அப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பில்லு உள்ளயே இருக்குதுங்க மேடம்" என்றாள். "ஆராச்சும் கேட்டா காட்டுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஷெட்டு வேன் கிளம்பும் நேரம் ஆகியிருந்தது.

மூன்று மார்கழி ஆகிவிட்டது. தினம் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறேன். பில்லை மடித்துப் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் அழிந்துகொண்டு வருகிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.